குட்டி ஆக்ஸலாட்டல் மேலயே மிதக்குது, கீழ போக மாட்டேங்குது, என்ன பண்றது?

கேள்வி:

டாக்டர் வணக்கம். நாங்க வேளச்சேரில இருக்கோம். என் பையன் ஒன்பதாவது படிக்கிறான், ஒரு வருஷமா நச்சரிச்சதுல போன மாசம் ஆக்ஸலாட்டல்ங்கற தண்ணி ஜீவனோட குட்டி ஒண்ணு வாங்கிக் குடுத்தோம். மூணு மாசக் குட்டின்னு சொன்னாங்க, மூணு இஞ்ச் இருக்கும், வெள்ளை உடம்பு, பிங்க் செவுள். பேரு பன்னு. ரெண்டடி தொட்டி, செட் பண்ணி மூணு வாரம் ஆகுது, ஃபில்டர், ஏர் பம்ப், கீழ கலர் கல்லு எல்லாம் இருக்கு. அஞ்சு நாளா பன்னு பின்பக்கத்தை தூக்கிக்கிட்டு மேலயே மிதக்கறான். கீழ போக ட்ரை பண்றான், போன வேகத்துல திரும்ப மேல வந்துடறான். கடையில குடுத்த காய்ஞ்ச புழு க்யூப் தான் போடறோம், ரெண்டு நாளா அதையும் சரியா சாப்பிடல. தண்ணி நல்லா தெளிவா தான் இருக்கு. கடைக்காரர் நீல மருந்தும் கல்லுப்பும் போடச் சொல்றார், வீடியோல ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்றாங்க, எங்க வீட்டுக்காரர் வயித்த லேசா அமுக்கி விட்டா காத்து வெளிய வந்துடும்ங்கறார். எதைச் செய்யறது? இன்னொண்ணு, முன்னங்கால்ல நாலு விரல் தான் இருக்கு, ஒண்ணு விழுந்துடுச்சோன்னு பையன் அழறான்.

பதில்:

மொதல்ல அந்த மூணு ஐடியாவையும் ஓரமா வைங்க. மருந்து வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், வயித்த அமுக்கறது வேண்டவே வேண்டாம், ஏன்னு கீழ சொல்றேன். ஆனா இதை முழுசா படிக்கறதுக்கு முன்னாடி எழுந்து போய் தொட்டித் தண்ணில ஒரு தெர்மாமீட்டர் போட்டு எத்தனை டிகிரின்னு பாத்துட்டு வாங்க. உங்க லெட்டர்ல செவுளோட கலர் வரைக்கும் எழுதியிருக்கீங்க, தண்ணியோட சூடு மட்டும் எழுதல. ஏசி இல்லாத ரூம்னா 28, 30 காட்டினா எனக்கு ஆச்சரியமா இருக்காது. பன்னுக்கு வேண்டியது 16லேர்ந்து 18. 20 வரைக்கும் சமாளிப்பான், 24 தாண்டிட்டா ஒவ்வொரு நாளும் அவன் உடம்புக்கு பாரம் தான்.

ஏன் மிதக்கறான்னு புரிஞ்சிட்டா பாதி பயம் போயிடும், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். இது மீன் இல்ல, மீனுக்கு இருக்கற காத்துப்பை இதுக்கு கிடையாது. இது சாலமாண்டர், தவளையோட சொந்தம், பெருசாகியும் தண்ணியை விட்டு வெளிய வராம குட்டி உருவத்துலயே காலம் பூரா இருந்துடற ஒரு ஜென்மம். வெளிய தெரியற அந்த பிங்க் செவுள் வழியாவும் மூச்சு விடும், தோல் வழியாவும் விடும், அது போக உள்ள ரெண்டு நுரையீரலும் இருக்கு. அப்பப்ப மேல வந்து ஒரு வாய் காத்தை முழுங்கிட்டு கீழ போறத நீங்களே பாத்திருப்பீங்க, அது நார்மல். நுரையீரல்ல காத்து ஜாஸ்தியானா கொஞ்சம் மிதக்கும், வேணாம்னா வாய் வழியா ஒரு காத்துக் குமிழி விட்டுட்டு இறங்கிடும். சின்ன குட்டிங்க சும்மா விளையாட்டுக்கே மிதந்துட்டு இருக்கறதும் உண்டு. அதனால மிதக்கறது மட்டுமே ஒரு வியாதி கிடையாது. நான் கேக்கற கேள்வி ஒண்ணு தான், நெனச்சா கீழ போயி உக்கார முடியுதா இல்லையா? உங்க பன்னுக்கு முடியல, போனா திரும்ப மேல வந்துடறான், அதுவும் பின்பக்கம் தூக்கிக்கிட்டு, சாப்பாடும் குறைஞ்சிருக்கு. அதனால இத விளையாட்டுன்னு விட முடியாது. பின்பக்கம் தூக்கினா பெரும்பாலும் குடல்ல காஸ் சேந்திருக்கு, இல்ல கக்கா அடைச்சிருக்கு, முன்பக்கமோ முழு உடம்போ தூக்கினா நுரையீரல் காத்தை சந்தேகப்படுவேன். இது கண்ணால பாத்து போடற கணக்கு தான், ரெண்டும் சேந்தும் இருக்கலாம்.

இப்ப சூட்டுக்கு வரேன். இந்த ஜீவனோட சொந்த ஊர் மெக்சிகோ சிட்டில இருக்கற சோச்சிமில்கோ ஏரி, கால்வாய். அந்த இடம் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், நம்ம ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம் தான். அப்ப நீங்க ஊட்டிக் குளத்துல பொறந்த ஒண்ண கொண்டாந்து வேளச்சேரில வெச்சிருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. சூடான தண்ணில ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடக்குது. தண்ணில கரைஞ்சிருக்கற ஆக்சிஜன் குறையுது, 18 டிகிரில ஒரு லிட்டருக்கு ஒன்பதரை மில்லிகிராம் வரைக்கும் நிக்கறது 30 டிகிரில ஏழரை தான் நிக்கும், ஆனா அதே சூட்டுல அவன் உடம்பு வேகமா ஓடி இன்னும் ஜாஸ்தி ஆக்சிஜன் கேக்குது. பத்தலன்னு மேல வந்து வந்து காத்து குடிக்கறான், நுரையீரல் எப்பவும் ஃபுல்லாவே இருக்கு. இன்னொரு பக்கம் வயித்துல இருக்கற சாப்பாடு செரிக்கறதுக்கு முன்னாடியே கெட்டு காஸ் ஆகுது. ஃபேன் ஓடுது, ஏர் பம்ப் இருக்குன்னு சொல்லாதீங்க, ஏர் பம்ப் காத்தை கலக்கும், தண்ணியை குளுமை பண்ணாது.

அடுத்தது, தண்ணி தெளிவா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கிளினிக்குக்கு வர்ற பத்துல எட்டு பேர் இதைத் தான் சொல்வாங்க. அம்மோனியாவுக்கு கலர் கிடையாதும்மா. தொட்டி போட்டு மூணு வாரம் தான் ஆகுது, பன்னு போடற கக்காவும் மிஞ்சின புழுவும் அழுகி அம்மோனியா ஆகுது, அதை நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தற நல்ல பாக்டீரியா ஃபில்டர் ஸ்பான்ஜ்ல குடியேறி பெருகறதுக்கு நாலுலேர்ந்து எட்டு வாரம் ஆகும், அதுவும் ஜீவனே இல்லாத தொட்டில அம்மோனியா சொட்டு விட்டு வளக்கற முறைல. உயிரை உள்ள விட்டுட்டு அந்த வேலை நடந்தா நடுவுல வர்ற விஷத்தையெல்லாம் அது தான் குடிக்கணும். அம்மோனியா செவுளை எரிக்கும், நைட்ரைட் ரத்தத்துல ஆக்சிஜன் ஏற விடாது, ரெண்டுலயும் கடைசில நடக்கறது ஒண்ணு தான், மேல வந்து காத்து குடிக்கும். தண்ணி சூடாவும் பிஹெச் தூக்கலாவும் இருந்தா அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையா வேலை செய்யும், நம்ம பக்கம் போர் தண்ணி நிறைய இடத்துல அப்படித் தான் இருக்கு. பேப்பர் ஸ்ட்ரிப் வேண்டாம், சொட்டு விட்டு பாக்கற லிக்விட் டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்குங்க. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20க்கு கீழ, இது தான் பாஸ் மார்க். முதல் ரெண்டுல கொஞ்சம் கலர் ஏறினாலும் பன்னு அந்த தொட்டில இருக்கக் கூடாது.

சாப்பாட்டுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. அந்த காய்ஞ்ச புழு க்யூப் இருக்கே, அது தண்ணில மிதக்கும், மிதக்கறத புடிக்க அவன் மேல வந்து வாயை திறப்பான். ஆக்ஸலாட்டல் கடிச்சு சாப்பிடாது, வாயை டக்குன்னு திறந்து எதிர்ல இருக்கறத தண்ணியோட சேத்து உறிஞ்சும், மேல்மட்டத்துல உறிஞ்சினா பாதி காத்து தான் உள்ள போகும், அது நுரையீரலுக்குப் போகாம வயித்துக்குப் போகும். அதோட காய்ஞ்ச க்யூப் உள்ள போய் ஊறி உப்பும். ஏர் பம்ப்ல வர்ற காத்துக் குமிழியக் கூட சாப்பாடுன்னு நெனச்சு கவ்வற குட்டிங்க இருக்கு. அதே உறிஞ்சல்ல தான் கலர் கல்லும் உள்ள போகும், அவன் தலையை விட சின்னதா எது கீழ கிடந்தாலும் ஒரு நாள் முழுங்குவான்னு எடுத்துக்கோங்க. உங்க லெட்டர்ல என்னை பயமுறுத்தினது அந்த கல்லு தான். வெறும் காஸ்னா ரெண்டு மூணு நாள்ல சரியாகும், கல்லு அடைச்சிருந்தா கதையே வேற.

இப்ப செய்ய வேண்டியத சொல்றேன். ஒரு நாலஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா எடுங்க, புதுசா இருக்கணும், சோப்பு லிக்விட் எதுவும் பட்டிருக்கக் கூடாது, அந்த தோல் நம்ம தோல் மாதிரி இல்ல, தண்ணில என்ன இருக்கோ அது நேரா உடம்புக்குள்ள போயிடும். குளோரின் எடுத்த தண்ணி ஊத்துங்க, மெட்ரோ வாட்டர்னா ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, ஆனா பாட்டில்ல கற்றாழை சேத்ததுன்னு போட்டிருந்தா அது வேண்டாம். கேன் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ மட்டும் ஊத்தாதீங்க, அதுல தாது உப்பு இல்லாததால அவனுக்கு ஒத்துக்காது. தண்ணியோட உயரம் தான் இங்க முக்கியம், அவன் நாலு காலையும் ஊனி நின்னா முதுகு மேல ஒரு விரல் அளவு தண்ணி இருந்தா போதும். இப்ப அவன் அஞ்சு நாளா கீழ போகணும்னு நீந்தி நீந்தி களைச்சுப் போயிருப்பான், தரை எட்டினாலே பாதி டென்ஷன் போயிடும். பின்பக்கம் தண்ணிக்கு மேல தூக்கி நிக்குதான்னு அடிக்கடி பாருங்க, அந்த இடத்து தோல் காஞ்சா புண்ணாகும், அப்படி நின்னா கையால தண்ணி எடுத்து மேல விட்டுட்டே இருங்க. தொட்டிலேர்ந்து மாத்தறப்ப வலை போடாதீங்க, விரலும் செவுளும் மாட்டிக்கும், ஒரு கிண்ணத்தை தண்ணிக்குள்ள விட்டு அவனை உள்ள வர வெச்சு அப்படியே தூக்குங்க. டப்பாக்கு ஓட்டை போட்ட மூடி வேணும், இதுங்க குதிக்கும். மேல ஒரு துண்டை போத்தி வைங்க, கண்ணுக்கு இமையே கிடையாது, லைட்டுக்கு ஒளிய வழியில்லாம தவிக்கும்.

ஃபில்டர் கிடையாதுங்கறதால தண்ணியை காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை முழுசா மாத்தணும், பாதி மாத்தினேன்னு சொல்லக் கூடாது. கக்கா கண்ல பட்டா ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துடுங்க, ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, அதுல கல்லு இருக்கான்னும் பாருங்க.

குளுமை பண்றதுல அவசரப்படாதீங்க. டப்பால இருக்கற தண்ணி முதல்ல தொட்டித் தண்ணி எத்தனை டிகிரியோ அதே டிகிரில இருக்கட்டும். மீன் மார்க்கெட்ல ஐஸ் போட்டு வெப்பாங்களே அந்த தெர்மாகோல் பெட்டி ஒண்ணு வாங்கி நல்லா கழுவி, அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி ஊத்தி டப்பாவ உள்ள வைங்க, சுத்தி இருக்கற தண்ணில ஃப்ரீசர்ல உறைய வெச்ச பாட்டில் ஒண்ணு. ஐஸ் டப்பாக்குள்ள போகக் கூடாது, வெளி தண்ணில மட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி இறங்கினா போதும், 29லேர்ந்து 18க்கு வர ஒரு பகல் ஆகட்டுமே, என்ன கெட்டுப் போச்சு. பாட்டில் நாலு இருந்தா ரெண்டு வெளிய ரெண்டு ஃப்ரீசர்லன்னு மாத்தி மாத்தி ஓட்டலாம். தண்ணி மாத்தறப்ப புதுத் தண்ணியும் அதே டிகிரில இருக்கணும், குளோரின் எடுத்த தண்ணியை ரெண்டு பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கிட்டு ரூம் தண்ணியோட கலந்து தெர்மாமீட்டர் பாத்து ஊத்துங்க, இந்த வேலைய பையன்கிட்ட குடுத்துடுங்க, ஒன்பதாவது படிக்கிற பையன் உங்களை விட கரெக்டா பண்ணுவான்.

சாப்பாடு ரெண்டு நாளைக்கு நிறுத்துங்க. பெரிய ஆக்ஸலாட்டல்னா ஒரு வாரம் கூட பட்டினி தாங்கும், மூணு இஞ்ச் குட்டிக்கு அந்த கணக்கு ஆகாது, அதனால தான் ரெண்டு நாள். கிச்சன் வெயிட் மெஷின் இருந்தா ஒரு கப்ல தண்ணியோட வெச்சு எடை பாத்து எழுதி வைங்க, கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி கிராம்ல தெரிஞ்சுடும். மூணாவது நாள் உயிரோட இருக்கற சின்ன இரை கொஞ்சமா குடுங்க, டாப்னியா, மொய்னான்னு சொல்ற பொடி தண்ணிப்பூச்சி கிடைச்சா ரொம்ப நல்லது, தண்ணிக்குள்ள ஓடறதால அவனும் தண்ணிக்குள்ளயே துரத்துவான், மேல வர வேலை இல்ல. சரியானதுக்கப்புறம் அவனோட மெயின் சாப்பாடு மண்புழுவா தான் இருக்கணும், மருந்து அடிக்காத மண்ணுலேர்ந்து எடுத்தது, நல்லா கழுவி, அவன் ரெண்டு கண்ணுக்கு நடுவுல எவ்வளவு அகலமோ அதை விட பெருசா இல்லாம நறுக்கி. மண்புழு உரம் போடற இடத்துல கிடைக்கற சின்ன சிவப்புப் புழுவ வாயில வாங்கிட்டு துப்பிடும், அது ஒரு கசப்புத் தண்ணி விடும், அதே உரக்குழில கிடைக்கற பெரிய ஆப்ரிக்கப் புழுவ ஒண்ணும் சொல்லாம சாப்பிடும். சாக்கடை ஓரத்துல புடிச்சு விக்கற உயிர் ட்யூபிஃபெக்ஸ் புழு வேண்டாம், அதோட என்னென்ன கிருமி வருதுன்னு யாருக்கும் தெரியாது. மூழ்கற பெல்லட் பரவால்ல. ஃப்ரோசன் ப்ளட்வார்ம் வாரத்துல எப்பவாவது.

இப்ப அந்த மூணு ஐடியா. நீல மருந்துங்கறது மெத்திலீன் ப்ளூ, அது பூஞ்சைக்கு போடறது, மிதக்கறதுக்கு இல்ல, கடையில சொல்ற அளவு மீனுக்கான அளவு, அதை தொட்டில ஊத்தினா இப்ப தான் வளர ஆரம்பிச்சிருக்கற நல்ல பாக்டீரியாவும் காலி. கல்லுப்பும் அதே கதை, செவுள்ல பஞ்சு மாதிரி பூஞ்சை வந்தா அளந்து கரைச்சு சில நிமிஷம் முக்கி எடுக்கற வைத்தியம் ஒண்ணு உண்டு, ஆனா காஸுக்கும் உப்புக்கும் சம்பந்தமே கிடையாது. கோல்டு ஃபிஷ்க்கு வயிறு அடைச்சா உரிச்ச பட்டாணி குடுப்பாங்க, அதையும் யாராவது உங்களுக்கு சொல்லுவாங்க பாருங்க, பன்னு சுத்த அசைவம், பட்டாணிய அவனால செரிக்க முடியாது.

ஃப்ரிட்ஜ் விஷயம் கொஞ்சம் வேற. அது புரளி இல்ல, வெளிநாட்டுல வளக்கறவங்க 5லேர்ந்து 8 டிகிரில வெச்சு மலச்சிக்கல சரி பண்றதா பல வருஷமா செய்யறது தான், சில டாக்டர்களும் சொல்லுவாங்க. ஆனா அங்க வீட்டுத் தண்ணியே 16, 18 டிகிரில இருக்கும், அங்கேர்ந்து 6க்கு இறங்கறதும் 30லேர்ந்து 6க்கு இறங்கறதும் ஒண்ணா? அதுவும் ஒரு நாளைக்கு முப்பது தடவை திறந்து மூடற நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல. குளிர்ல செரிமானமும் நின்னுடும், வயித்துல கெட்டுட்டு இருக்கற சாப்பாடு அப்படியே உக்காந்துடும். மூணு இஞ்ச் குட்டிய நான் ஃப்ரிட்ஜ்ல வைக்க சொல்ல மாட்டேன், 17, 18 டிகிரியே அவனுக்கு போதுமான மருந்து. வயித்த அமுக்கற வேலைய உங்க வீட்டுக்காரர் நல்ல எண்ணத்துல தான் சொல்றார், ஆனா இந்த வயசுல எலும்புக்கூடுல பெரும்பகுதி குருத்தெலும்பு, உள்ள இருக்கறதெல்லாம் கட்டை விரல் அகலத்துக்குள்ள, எங்க காத்து எங்க கல்லீரல்னு தெரியாம அமுக்கினா காத்து வெளிய வராது, வேற ஏதாவது கிழியும்.

பெரும்பாலான குட்டிங்க டப்பாக்கு மாத்தி தண்ணி குளிர்ந்தப்புறம் ஒண்ணு ரெண்டு நாள்ல ஒரு நல்ல கக்கா போடும், உடனே இறங்கி உக்காந்துடும். மூணு நாள் முழுசா ஆகியும் கக்காவும் போகல, மிதக்கறதும் நிக்கலன்னா டாக்டர்கிட்ட போகணும். அதுக்கு முன்னாடியே ஓட வேண்டிய நேரமும் இருக்கு, கால் இடுக்குலயோ வயித்துலயோ சிவப்பா ரத்தம் கட்டின மாதிரி இருந்தா, வயிறு உப்பி பளபளன்னு ஆனா, ஒரு பக்கமா சாஞ்சோ கவுந்தோ மிதந்தா, தோல் உரிஞ்சா, விரலால தண்ணிய அசைச்சும் நகரலன்னா. செவுள் முன்பக்கமா வளைஞ்சிருக்கறதும் வால் நுனி சுருண்டிருக்கறதும் டென்ஷனோட அடையாளம், அதுக்காக ராத்திரி ஆட்டோ புடிக்க வேண்டாம், ஆனா தண்ணிய திரும்ப டெஸ்ட் பண்ணுங்க, ஃபில்டர் வேகம் ஜாஸ்தியா இருந்தாலும் செவுள் அப்படி வளையும். நாய் பூனை பாக்கற எல்லா டாக்டரும் இதை பாக்க மாட்டாங்க, அதனால எங்க போறதா இருந்தாலும் போன் பண்ணி எக்ஸோடிக், அதாவது இந்த மாதிரி வித்தியாசமான ஜீவன்கள பாக்கறவங்க இருக்காங்களான்னு கேட்டுட்டு போங்க, வேப்பேரில இருக்கற மெட்ராஸ் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரிலயும் கேட்டுப் பாருங்க. ஒரு எக்ஸ்ரே எடுத்தா போதும், கல்லு இருந்தா வெள்ளையா தெரியும், காத்து குடல்ல இருக்கா நுரையீரல்ல இருக்கா இல்ல ரெண்டுக்கும் வெளிய கசிஞ்சு நிக்குதான்னும் தெரியும், வைத்தியம் அதைப் பொறுத்து மாறும். போறப்ப தொட்டில கிடக்கற கல்லு ரெண்டும், தொட்டித் தண்ணி ஒரு பாட்டில்லயும் கையோட எடுத்துட்டு போங்க, அவனை கொண்டு போறது ஐஸ் பாட்டில் வெச்ச தெர்மாகோல் பெட்டில.

விரல் விஷயத்துக்கு பையனை அழ வேண்டாம்னு சொல்லுங்க. முன்னங்கால்ல நாலு, பின்னங்கால்ல அஞ்சு, பொறப்பே அப்படித் தான். ஒரு வேளை நிஜமாவே ஒண்ணு போயிருந்தாலும் இந்த வயசுல சில வாரத்துல திரும்ப முளைச்சுடும், முழுக் காலே போனாலும் முளைக்கும், உலகம் பூரா லேப்ல இதை வெச்சு ஆராய்ச்சி பண்றதே அதுக்காகத் தான். பன்னு அவனா அவளான்னு ஏறக்குறைய ஒரு வயசு ஆகாம சொல்ல முடியாதுங்கறதையும் சொல்லி வைங்க, பேர் என்னவோ ரெண்டுக்கும் பொருந்துது.

பன்னு டப்பால இருக்கற இந்த நாட்கள்ல தொட்டிய சரி பண்ணுங்க. கல்லு எல்லாத்தையும் எடுத்துட்டு தரைய வெறுமையா விடுங்க, அழகுக்கு அவன் உள்ள போய் ஒளியற மாதிரி ஒரு மண்பானைத் துண்டு கவுத்து வைங்க, முனையெல்லாம் தேச்சு வழவழன்னு ஆக்கிட்டு. நைஸ் மணல் பின்னால யோசிக்கலாம், அஞ்சாறு இஞ்ச் வளந்தப்புறம். ஃபில்டர ஆஃப் பண்ணாதீங்க, அம்மோனியா சொட்டு விட்டு ஓடிட்டே இருக்கட்டும், டெஸ்ட்ல 0, 0 வர்ற வரைக்கும் பன்னு டப்பாலயே இருக்கட்டும், ஒரு மாசம் ஆனாலும் பரவால்ல, தினம் தண்ணி மாத்தினா டப்பா வாழ்க்கைல ஒரு குறையும் இல்ல.

கடைசியா ஒண்ணு சொல்லணும், கேக்க கசக்கும். ஐஸ் பாட்டில் வைத்தியம் ஒரு வாரத்துக்கு ஓடும், பத்து பதினஞ்சு வருஷம் வாழற ஜீவனுக்கு ஓடாது. தண்ணி மேல ஃபேன் வெச்சா வறண்ட ஊர்ல ரெண்டு மூணு டிகிரி இறங்கும், சென்னை புழுக்கத்துல அதுவும் சந்தேகம். ஏசிய 24ல வெச்சா தண்ணியும் 24ல தான் நிக்கும். வேண்டியது சில்லர், அதாவது தொட்டித் தண்ணியை குளிர வைக்கற மெஷின், அதோட விலை நீங்க பன்னுவ வாங்கின விலைய விட பல மடங்கு, கரண்ட் பில் தனி, கரண்ட் போற நேரத்துக்கு உறைஞ்ச பாட்டில் எப்பவும் ஃப்ரீசர்ல ரெடியா. இதை கடையில யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, சொன்னா வித்திருக்காது. வீட்ல உக்காந்து பேசுங்க, பையனையும் வெச்சுக்கிட்டே பேசுங்க. முடியும்னா அடுத்த வெயிலுக்கு முன்னாடி சில்லர் வாங்கிடுங்க. முடியாதுன்னா சில்லர் வெச்சிருக்கற ஒருத்தர்கிட்ட குடுத்துடறது தப்பே இல்ல, அதை தோத்துட்டோம்னு எடுத்துக்காதீங்க, ஆனா ஏரிலயோ கிணத்துலயோ மட்டும் விட்டுடாதீங்க. சோச்சிமில்கோலயே அதுங்க அழியற நிலைக்கு வந்ததுக்கு ஒரு காரணம் வெளியிலேர்ந்து கொண்டு வந்து விட்ட கெண்டையும், நம்ம ஊர்ல ஜிலேபின்னு சொல்ற திலாப்பியாவும் தான். 1998ல ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆறாயிரம் இருந்த இடத்துல 2014ல எடுத்த கணக்குல முப்பத்தாறு. வீட்டுத் தொட்டில லட்சக்கணக்குல இருக்கு, சொந்த ஊர்ல இல்ல.

அப்புறம் பேப்பர் வேலை. ஆக்ஸலாட்டல், அழியற ஆபத்துல இருக்கற ஜீவன்களோட வியாபாரத்தை கட்டுப்படுத்தற சைட்டீஸ்ங்கற (CITES) உலக ஒப்பந்தத்தோட இரண்டாவது பட்டியல்ல இருக்கு, 2022ல திருத்தின வனவிலங்கு சட்டமும் 2024ல வந்த விதிகளும் படி இந்த மாதிரி ஜீவன வீட்ல வெச்சிருக்கறவங்க மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும், கை மாத்தினாலும், குட்டி போட்டாலும், செத்துப் போனாலும் அதுல தெரிவிக்கணும். கடையில பில் குடுத்தாங்களா? இல்லன்னா இந்த வாரமே போய் கேட்டு வாங்குங்க, யார்கிட்டேர்ந்து வந்ததுங்கற விவரம் பதிவுக்கு வேணும், அது இல்லாம நாளைக்கு வேற ஒருத்தருக்கு குடுக்கறதும் சிக்கல் ஆயிடும்.